நிமிர்ந்த பட்டை

குள்ளஞ்சாவடியில் லாரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கடலூரிலிருந்து வடலூர் வரும் சாலையில் சந்தை கூடும் முக்கு அது. மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியதும் மாமா பிரேக்கை மிதித்திருக்கிறார். லாரி நிற்கத்தான் பார்த்தது. பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த டிரெய்லர் அதை நிற்க விடாமல் தள்ளிக்கொண்டே போனது. மாட்டு வண்டி எப்படியோ விலகிவிட்டது. லாரி சாலையோரத்தில் குவித்திருந்த பலாப்பழங்களின் மேல் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அவருக்கு ஊர் திருவதிகை. நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கி, சுற்று வட்டாரமே வேலை தேடி அங்கே வந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவர் ஒரு கான்ட்ராக்டரிடம் லாரி டிரைவர். நான் அதே கான்ட்ராக்டரின் ஷெட்டில் மெக்கானிக். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வடலூர் சாலையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே நானும் இருந்தேன்.

லாரியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது முன்சக்கரம் முழுக்கப் பலாப்பால் ஒட்டி, அதன்மேல் செம்மண் படிந்திருந்தது.

“என்னா மாமா, வண்டிக்கு விருந்தா?” என்றேன்.

“சிரிடா மாப்ள, சிரி. அந்த வண்டிக்காரன் இன்னும் கொஞ்சம் மெதுவா திரும்பியிருந்தான்னா, இந்நேரம் உங்க அக்கா எனக்குச் சோறு எடுத்துக்கினு ஜெயிலுக்கு வந்துக்கினு இருப்பா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், செம்பைக் கையில் வைத்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த லாரி சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடி, கழித்துவிடப்பட்டு, ஏலத்தில் வந்தது. இன்ஜின் நல்ல இன்ஜின். ஆனால் தன் முதுகில் ஏற்றியதைச் சுமக்கத்தான் அதைச் செய்திருந்தார்களே தவிர, பின்னால் ஒன்றை இழுக்க அல்ல. எங்கள் கான்ட்ராக்ட் குழாய்களையும் தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் இறக்குவது. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோண்டிய குழி குளமாகிவிடும். பம்பு, மோட்டார் எல்லாம் டிரெய்லரில், குழாய்கள் லாரியில். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. இரண்டையும் நிறுத்த வேண்டியது லாரியின் பிரேக்தான்.

இதுவரை டவுன்ஷிப்பில் இருந்த ஸ்டாக் யார்டு வரைதான் எங்கள் லாரி டிரெய்லரோடு போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சமதளம். இனிமேல் சுரங்கத்தின் சரிவுப் பாதையில் இறங்கி, அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சமதளச் சாலையிலேயே நிற்காத வண்டி.

சூப்பர்வைசர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டு, “ஏப்பா, என்ன பண்ணுவியோ தெரியாது, வண்டிய சரிவுல எறங்கற மாதிரி பண்ணிக் குடுத்துரோணும்” என்றார். டிரெய்லருக்கும் பிரேக் வைக்க வேண்டும் என்று கேட்டேன். “அதுக்கு வேற அச்சு வேணும், மெட்ராஸ்ல இருந்து வரோணும். அதுவரைக்கும் குழியில தண்ணி ஊறாம நிக்குமா?” என்று கேட்டார்.

செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பின்சக்கரங்களின் பிரேக் டிரம்கள் சிறியவை. உடைத்துப் போட்ட ஒரு பெரிய லாரியிலிருந்து அகலமான டிரம்களை எடுத்து, கடலூரில் லேத்தில் கொடுத்து உள்வட்டத்தைக் கடைந்து வாங்கிவந்தேன். டிரம்மின் உள்பக்கத்தில் உரசிச் சக்கரத்தைப் பிடிக்கும் லைனிங்கையும் புதிதாக அடித்தேன். பிரேக் ஆயில் போகும் குழாய்களை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டேன். மிதிக்கிற காலுக்குத் துணையாக, இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தில் வேலை செய்யும் பூஸ்டர் ஒன்றையும் பொருத்தினேன். பிறகு பின்பக்கத்துக் கமான் பட்டைகள். வில்லைப் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, லாரியின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தியதால் லாரியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டைகள் கூட்டி, நீளமான யு போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினேன். லாரி வால் தூக்கிய ஆடு மாதிரி நின்றது.

வடலூர் சாலையில் டிரெய்லரில் மண் மூட்டைகளை வைத்து இழுத்துப் பார்த்தோம். மாமா மிதித்தார், நின்றது. வேகமாகப் போய் மிதித்தார், நின்றது. டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் காலி லாரியில் திரும்பியபோதுதான் வேதனை. புதுப் பட்டை கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூரையில் தலை இடித்தது.

“மாப்ள, இது வண்டியா, உரலா? நெல்லு குத்துற மாதிரி குத்துதே” என்றார் மாமா.

“லோடு ஏறினா சரியாப் போவும் மாமா.”

“அதுக்குள்ள என் இடுப்பு எலும்பு உன் ஷெட்டுக்கு வந்துடும். அதுக்கும் ரெண்டு பட்டை போட்டுக் குடு.”

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக்கில் கை வைத்த மெக்கானிக், வண்டியின் முதல் லோடு நடைக்கு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். யாரும் எழுதிப் போட்ட விதி அல்ல. டிரைவர்கள் தாங்களாகவே ஏற்படுத்தியது. மெக்கானிக் ஏறி உட்காராமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். நான் அப்படிப் பல முறை போயிருக்கிறேன். வடலூர் வரை, சேத்தியாத்தோப்பு வரை. காற்று வாங்கிக்கொண்டு போய்வருவேன்.

சுரங்கத்துக்குள் இறங்குவது வேறு. அதன் விளிம்பில் நின்று பார்த்தபோதே இரண்டடி பின்னால் வந்திருக்கிறேன். தரையைத் தட்டுத் தட்டாக வெட்டிக்கொண்டே கீழே போயிருந்தார்கள். மேல்தட்டிலிருந்து முதல் நீளச் சரிவு. அதன் முடிவில் இடது பக்கம் ஒரு திருப்பம். பிறகு அடுத்த தட்டுக்கு இறங்கும் இரண்டாவது சரிவு. திருப்பத்தில் நிற்காத வண்டிக்கு நேராகப் போக இடமில்லை. எதிரே வெறும் வெளி. அதற்குக் கீழே, வெகு கீழே, மண்வெட்டும் இயந்திரங்கள் விளையாட்டுச் சாமான்கள் போலத் தெரியும்.

அன்று காலையில் அக்கா இரண்டு தூக்குகளில் சோறு கட்டினாள். மாமா வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“மைன்ஸுக்குள்ளயா எறங்குறீங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“நீயும் கூடப் போறியா?”

“போவணும். பிரேக்கு நான்தான போட்டேன்.”

“அப்ப சரி” என்றாள். “நீ போறன்னா எனக்கு பயமில்ல. அவர் என்னா வேகத்துல போவாரோன்னு நெனச்சிக்கினே இருந்தேன்.”

அவள் நிம்மதியாகப் போய் அடுப்பைக் கவனித்தாள். அந்த நிம்மதி என்மேல் வந்து உட்கார்ந்தது. பிரேக் பிடிக்காமல் போனால் போகிற உயிர்கள் இரண்டு. அவளுக்கு இருந்த ஆண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் அப்பா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவன், இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஸ்டாக் யார்டில் லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சுற்று ஊர்க்காரர்கள். முன்பு அறுப்புக்கும் நடவுக்கும் கூலிக்குப் போனவர்கள், இப்போது குழாய் தூக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். ஓயாமல் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பார்.

“என்னா மெக்கானிக்கு, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்குது? பொண்ணு பாக்கவா போறீங்க?” என்றார் என்னைப் பார்த்ததும்.

“நீங்க லோட ஏத்துங்க மேஸ்திரி” என்றேன்.

ஆட்கள் குழாய்களைத் தோளில் சுமந்து வந்து லாரியில் அடுக்கத் தொடங்கினார்கள். டிரெய்லரில் பம்பையும் மோட்டாரையும் ஏற்கெனவே ஏற்றிச் சங்கிலியால் கட்டியாகிவிட்டது. நான் லாரியின் முன்பக்கம் அடியில் போய் மல்லாந்து படுத்து, பிரேக் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. மறுபடியும் துடைத்துப் பார்த்தேன். பிறகு டிரெய்லரைக் கொக்கியில் பூட்டும் ஊசியைப் பார்த்தேன். நான் வெளியே வந்தபோது மேஸ்திரி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தார்.

“இன்னும் புடிக்கும். எடுத்தாங்கடா” என்றார்.

பிறகு இரண்டு முறை அதையே சொன்னார். கடைசியில் நிமிர்ந்து, “போதும். கயித்தப் போடு” என்றார். குழாய்கள் உயரமாகத்தான் தெரிந்தன. ஆனால் நான் ஏற்றுவதில் அனுபவம் உள்ளவன் அல்ல. என் கவனமெல்லாம் பிரேக்கில் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

சுரங்கத்தின் வாசல் வரை மாமா பாடிக்கொண்டு வந்தார். வாசலில் காவல்காரர் கையைக் காட்டினார். லாரி மூக்கைத் தாழ்த்திச் சரிவில் இறங்கியது. மாமா இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டார். ஒவ்வொரு தடவையும் லாரி கேட்டது. நான் மூச்சு விட்டேன்.

சரிவுப் பாதையில் கனமான இயந்திரங்கள் ஏறி இறங்கிக் குறுக்குக் குறுக்காகப் பள்ளம் விழுந்திருந்தது. லாரி அவற்றின்மேல் மெத்து மெத்தென்று ஏறி இறங்கியது.

“பாத்தியா மாப்ள, வெண்ணெ மாதிரி போவுது! உரலுன்னு சொன்னது தப்புதான், வாபஸ் வாங்கிக்கினேன்” என்றார் மாமா.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பள்ளத்திலும் லாரி அப்படியே மெத்தென்று இறங்கியது. நான்கு பட்டைகள் கூடுதலாகப் போட்ட வண்டி இப்படிப் போகக் கூடாது. வழக்கமான லோடுக்கு அது இன்னும் முரட்டுத்தனமாகக் குதிக்க வேண்டும். இவ்வளவு மெத்தென்று போகிறது என்றால், புதுப் பட்டையும் சேர்த்து எல்லாப் பட்டையும் வளைவு போய் முழுக்க நிமிர்ந்திருக்கிறது. மேஸ்திரி எதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“மாமா, லோடு ஜாஸ்தி.”

“எப்படி ஜாஸ்தியாவும்? மேஸ்திரி பட்டையைப் பாத்துதான ஏத்துனாரு? பட்டை நிமிந்தா நிறுத்திடுவாரு.”

“அதான் மாமா! நான் பட்டையைக் கூட்டிப் போட்டிருக்கேன். அது நிமிர்ற வரைக்கும் ஏத்தியிருக்காங்க.”

மாமா பிரேக்கை அழுத்தி மிதித்தார். லாரி வேகம் குறைந்தது. உடனே பின்னாலிருந்து டிரெய்லர் கொக்கியில் ‘டங்’ என்று இடித்தது. காலைத் தளர்த்தினார், லாரி ஓடியது. மறுபடி மிதித்தார். இந்த முறை அவ்வளவு குறையவில்லை. லைனிங் கருகும் நாற்றம் தரைப்பலகையின் இடுக்கு வழியாக மேலே வந்தது. எனக்கு மிகவும் பழக்கமான நாற்றம் அது. ஷெட்டில் அதை மோந்தால் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவேன். அன்று நான்கு சக்கரத்திலிருந்தும் வந்தது.

“மொத கியருக்கு மாத்துங்க மாமா.”

“இப்ப எடுத்தா விழாது. நடுவுல நின்னா அவ்வளவுதான்.”

அவர் சொன்னது சரி. இரண்டாவது கியரை விட்டு எடுத்து முதல் கியர் விழாமல் போனால், இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சமும் போய்விடும். இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. மாமாவின் கால் ஒவ்வொரு முறையும் முன்னைவிட ஆழமாகப் போவதை நான் பார்த்தேன். டிரம் சூடேறினால் லைனிங் வழுக்கும், பிடிக்காது. அது எனக்குத் தெரியும். சூடு ஆற நேரம் வேண்டும். எங்களிடம் இருந்தது அந்தச் சரிவின் மிச்சம் மட்டும். அதன் முடிவில் திருப்பமும், திருப்பத்துக்கு அப்பால் ஆகாயமும் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தன.

என் கை கதவின் கைப்பிடிக்குப் போயிருந்தது. போனது எனக்குத் தெரியாது. மாமா பார்த்துவிட்டார்.

“கதவுல கைய வெக்காத! எகிறுனா பின்சக்கரத்துலதான் போவ. நான் போயி உங்க அக்காகிட்ட என்னான்னு சொல்றது?”

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அக்கா அடுப்படியில் நின்ற நிலை கண்முன் வந்தது. சாமியைக் கூப்பிட நினைத்தேன். எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை.

வெட்டிய மண்சுவரின் அடியில், பாதையின் இடது ஓரமாக, ஊற்று நீரை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதில் சேறு நிரம்பியிருந்தது. மாமா ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனார். ஒரேயடியாக ஒடித்தால் டிரெய்லர் குறுக்கே வந்து லாரியைப் புரட்டிவிடும். “கெட்டியா புடிச்சிக்கோ” என்றார். இடது முன்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கியது. லாரி என் பக்கம் சாய்ந்தது. கதவு மண்சுவரில் உரசி, சுவர் இடிந்து ஜன்னல் வழியாக என் மடியில் கொட்டியது. பின்சக்கரமும் இறங்கியது. சேறு கண்ணாடியை மூடியது. எதுவும் தெரியாமல், எங்கோ போய்க்கொண்டிருந்தோம். பின்னால் கயிறு அறுந்து குழாய்கள் எல்லாம் ஒன்றாக முன்னுக்குச் சரிந்து, என் முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டில் இடித்தன. தகடு உள்ளே குழிந்து என் முதுகைக் குத்தியது.

பிறகு இன்ஜின் நின்றது. எதுவும் நகரவில்லை.

“மாப்ள?”

“இருக்கேன் மாமா.”

“முழுசா இருக்கியா, பாதியா இருக்கியா?”

என் பக்கக் கதவு திறக்கவில்லை. அவர் பக்கமாகத்தான் இருவரும் இறங்கினோம். டிரெய்லர் பாதிப் பாதையை அடைத்துக் குறுக்கே நின்றது. பம்பும் மோட்டாரும் சங்கிலியில் பத்திரமாக இருந்தன. திருப்பம் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீர்தான் வந்தது.

லோடை இறக்க மேலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். சூப்பர்வைசரும் வந்தார், மேஸ்திரியும் வந்தார். சூப்பர்வைசர் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க மேஸ்திரி, ஒரு அளவு வேண்டாமா? ரெண்டு உசுரு போயிருக்குமே!”

மேஸ்திரி பின்சக்கரத்தைக் காட்டினார். “நீங்களே பாருங்க சாமி. பட்டை நிமிந்த பொறவுதான் நிறுத்துனேன். மாட்டு வண்டியில மூட்டை ஏத்துன நாள்லேர்ந்து கண்ணாலதான் ஏத்திக்கினு இருக்கேன். ஒரு வண்டியாவது கவுந்திருக்கா, கேளுங்க. பட்டையைக் கூட்டிப் போட்டாங்கன்னு எனக்கு யாருங்க சொன்னது?”

பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னிக்கு என்னா இவ்வளவு புடிக்குதுன்னு நானே நெனச்சேன் மெக்கானிக்கு. வண்டி நல்லா தீனி தின்னுட்டு வந்திருக்குதுன்னு நெனச்சிக்கினேன்” என்றார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

இனிமேல் குழாய்களை எண்ணி ஏற்றுங்கள் என்றார் சூப்பர்வைசர். அது நடக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு நடைக்கு வந்த குழாய் மறு நடைக்கு வராது. மெல்லியது, தடித்தது, நீளம், குட்டை என்று எல்லாம் கலந்து வரும். எடை போட அங்கே வழி கிடையாது. மேஸ்திரிக்கு அந்தப் பட்டைதான் தராசு. அதை நான் கெடுத்துவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அது லோடுக்காரர்களின் வேலை, இது மெக்கானிக் வேலை என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

அன்று வீட்டுக்குப் போவதற்கு முன் இருவரும் ஷெட்டிலேயே குளித்தோம். மாமா அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் மாமாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி சேற்றை வழித்தெடுத்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டையைத் தண்ணீரில் போட்டாள்.

கூட்டிய பட்டைகளை நான் கழற்றினேன். ஆனால் தூக்கிப் போடவில்லை. அவற்றைத் தனி அடுக்காகப் பழைய பட்டைகளுக்கு மேலே, இரண்டு முனைகளும் எதையும் தொடாத மாதிரி வைத்துக் கட்டினேன். லாரியின் சட்டத்தில், அந்த முனைகளுக்கு நேர் மேலே, கட்டைகள் போல பக்கத்துக்கு இரண்டு இரும்புத் துண்டுகளைப் பொருத்தினேன். லோடு ஏற ஏறப் பழைய பட்டை பழையபடியே நிமிரும்; மேஸ்திரி ‘போதும்’ என்பார். அதற்குப் பிறகு சரிவில் டிரெய்லர் அழுத்தும்போது, கட்டை மேல் அடுக்கின் முனையில் வந்து உட்காரும். மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. மண் மூட்டைகளை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நானே பார்த்து வைத்தேன். கருகிய லைனிங்கை எடுத்துவிட்டுப் புது லைனிங் அடித்தேன். இந்தத் தடவை மேஸ்திரியை ஷெட்டுக்கே கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

“மேல இருக்கறத நான் பாக்க வேணாம். கீழ இருக்கறத மட்டும் பாத்தா போதும். அப்படித்தான?”

“அப்படித்தான் மேஸ்திரி.”

“அதுல கட்டை முட்டுனா?”

“அதுக்கு முன்னாடியே நீங்க நிறுத்திடணும்.”

“நிறுத்திடறேன். நீங்க பயப்படாதீங்க” என்றார். நான் பயப்படுவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடி பிரேக்கில் கை வைத்தாகிவிட்டது. அதனால் மறுபடியும் அது முதல் நடை. நான் ஏறித்தான் ஆக வேண்டும். புறப்படும் நாள் காலையில் காய்ச்சல் வராதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல் தடவை எது நடக்கும் என்று தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிந்திருந்தது. அதன் நாற்றம், சத்தம், ‘டங்’ என்ற இடி, எல்லாம் வரிசையாகத் தெரிந்திருந்தது.

அக்கா சோறு கட்டவில்லை. வாசற்படியில் வழியை அடைத்து உட்கார்ந்திருந்தாள். “இன்னிக்கும் அங்கதான் போறீங்களா?” என்று என்னிடம்தான் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“சரியா போட்டியாடா?”

“போட்டேன்.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

அவளைப் பார்த்து, “போட்டேன்க்கா” என்றேன். அவள் எழுந்து வழி விட்டாள். அது உண்மையா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

மேஸ்திரி குனிந்து பார்த்து, முந்தைய லோடில் பாதிதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியபோதே நிறுத்திவிட்டார். சுரங்க வாசலில் மாமா வண்டியை முழுக்க நிறுத்தி, முதல் கியரில் போட்டு, பிறகுதான் இறங்கினார். அவர் பாடவில்லை. ஆட்டம் கடுமையாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல் கிட்டித்தது. அந்தக் குலுக்கல் ஒவ்வொன்றும் எனக்கு வேண்டியிருந்தது. குலுக்கல் நின்றுவிடக் கூடாது என்று பயந்தேன். கட்டை முட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூக்கை விரித்து மோந்துகொண்டே இருந்தேன். திருப்பம் வந்தது. லாரி மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் திரும்பியது. டிரெய்லரும் திரும்பியது. இரண்டாவது சரிவும் முடிந்து, நிலக்கரி தெரியும் அடித்தட்டில், பம்பு இறக்கும் இடத்தில் போய் நின்றோம்.

மாமா இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து டிரெய்லரின் சங்கிலியைக் கழற்றத் தொடங்கினார்கள். “பிரேக்க விடுங்க டிரைவரே, வண்டிய கொஞ்சம் பின்னால தள்ளணும்” என்று ஒருவர் கத்தினார்.

“விட்டுட்டேன்” என்றார் மாமா.

குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் அப்படியே இருந்தது. கணுக்கால் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது.

“மாமா, கால எடுங்க.”

“எடுத்துட்டேன்டா.”

நான் கீழே குனிந்து, அவருடைய காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, பிரேக்கிலிருந்து எடுத்துத் தரைப்பலகையில் வைத்தேன். மரக்கட்டையைப் போல விறைத்திருந்தது. மெல்லத் தேய்த்துவிட்டேன். பல விதங்களில் என்னைக் கிண்டல் செய்கிற மனிதர், காலை எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் முறை இல்லை. இரண்டாவது நடைக்கு மெக்கானிக் போக வேண்டியதில்லை. மாமா என்னைக் கூப்பிடவும் இல்லை. லாரி டிரெய்லரோடு ஷெட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. கொஞ்ச நேரம்தான். வேறொரு வண்டியின் போல்ட்டை முடுக்கப் போய், ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்து விரலை நசுக்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் குலுக்கலாவது தெரியும், நாற்றமாவது தெரியும். ஷெட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. சுரங்கத்தின் சங்கு ஊதியபோது ஷிப்ட் முடிகிற சங்கா, வேறு எதற்காவதா என்று வெளியே ஓடிப் பார்த்தேன். சாலையில் எல்லோரும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு லாரி வந்தது. அது நின்றதும் ஓடிப்போய்ப் பின்சக்கரத்தின் டிரம்மில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது, கை பொறுக்கும் சூடு; லைனிங் கருகும் சூடு இல்லை. மறுபக்கமும் போய் வைத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.